கப்பல் அரிசி

போட் மெயில் ரயிலில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, கண்ணில் விழுந்த கரித்தூளைக் கசக்கிக்கொண்டே கடல் காற்றை மோந்த ஞாபகம் உள்ளவர்கள் நம்மில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறோமோ தெரியாது. அந்த மிச்சப் பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் வீட்டு இளசுகளுக்கு இது வேண்டாம். தங்கப் போகிற அறையில் தலையணை உறை என்ன நிறம் என்பதைக்கூட போனில் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள், யாரோ வாயால் சொன்ன அடையாளத்தை நம்பி வந்தவர்கள்.

அடையாளம் இதுதான்: கப்பல் வந்து நிற்கிற கப்பலடியிலிருந்து ஓலைக்குடா போகிற மணல் பாதையில், பூவரச மரம் நிற்கிற ஓட்டு வீடு. முற்றத்தைச் சுற்றி நாலு அறை. கதவுகளில் தாரால் நம்பர் எழுதியிருக்கும். வெளியே போர்டு கிடையாது. லாட்ஜ் என்று யாராவது சொல்லிவிட்டால் அய்யாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "லாட்ஜ் கோயில்கிட்ட இருக்கு, அங்கன போங்க. இது வீடு" என்பார். வாடகை வாங்குகிற வீடு என்பது மட்டும் அவருக்கு அந்த நேரத்தில் வசதியாக மறந்துபோகும்.

அப்போது தலைமன்னார்க் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. கப்பல் வருகிற நாளில் எங்கள் வீட்டு வாசனையே மாறிவிடும். கடல் கொந்தளித்த நாளாக இருந்தால், இறங்குகிறவர்கள் முகம் வெளிறி, வாந்தி நாற்றமடிக்கிற சட்டையோடு தள்ளாடித் தள்ளாடி வருவார்கள். அம்மா ஊர் பேர் எதுவும் கேட்க மாட்டாள். முதலில் ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயை நீட்டுவாள். "இத வாயில அடக்கிக்கங்க. வெந்நி விளாவி வச்சிருக்கேன், தலைக்கு ஊத்திட்டு வாங்க. மத்ததெல்லாம் பெறகு பேசிக்கலாம்." குளித்துவிட்டு வந்தால் சோறு தயாராக இருக்கும். எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கப்பல் நாளில் உலையில் ஒரு படி கூடுதலாகப் போடுவாள். அதற்குக் கப்பல் அரிசி என்று எங்கள் வீட்டில் பெயர். யாரும் வராவிட்டால் மறுநாள் காலையில் எங்களுக்குப் பழைய சோறு. நான் முகத்தைச் சுளித்தால் அம்மா மண்டையில் ஒரு குட்டு வைப்பாள்.

அய்யாவுக்கும் ஒரு சட்டம் இருந்தது. அறையில் இருக்கிறவரைப் பற்றி, வாசலில் வந்து நிற்கிறவனிடம் வாய் திறக்கக் கூடாது. ஒரு முறை மதுரைப் பக்கத்திலிருந்து ஓடிவந்த ஜோடி ஒன்று இரண்டாம் நம்பரில் இருந்தது. பின்னாலேயே அந்தப் பெண்ணின் மாமன்மார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். அய்யா அவர்களை உட்கார வைத்து, மோர் கொடுத்து, "அப்படி யாரும் இங்கன வரலையே. வெயில்ல வந்திருக்கீக, சாப்பிட்டுப் போங்க" என்று இலையும் போட்டுவிட்டார். முற்றத்தில் அவர்கள் வெறியோடு வந்த களைப்புத் தீர வெளுத்துக் கட்டுகிறார்கள், கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் மூச்சு விடாமல் நிற்கிறாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கிணற்றடிக்கு ஓடிவிட்டேன்.

மறு வருஷம் அதே ஜோடி கைக்குழந்தையோடும் அல்வாப் பொட்டலத்தோடும் வந்து அய்யா காலில் விழுந்தது. அந்த அல்வாதான் அய்யாவைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். தன் சட்டம் ஒருநாளும் பிசகாது என்று அன்றைக்கு அவர் முடிவு கட்டிவிட்டார்.

கப்பல் நின்றுபோன வருஷத்துக்கு வருகிறேன். எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது இருக்கும். கப்பல் நிற்கப் போகிறது என்று யாருக்கும் தெரியாத ஓர் ஆடி மாதத்தில், இடுப்பில் சின்னப் பயலும் கையில் தகரப் பெட்டியுமாக ஒரு அக்கா வந்தாள். மன்னார்க்காரி. அம்மா கொடுத்த ஊறுகாயைப் பயல் வாயில் வைத்துவிட்டுத்தான் தன் வாயில் வைத்தாள்.

"அண்ணை, ஒரு அறை கிடைக்குமே? அடுத்த கப்பலுக்கு இவர் வந்திடுவார். அதுமட்டுந்தான்."

மூன்றாம் நம்பரைக் கொடுத்தார் அய்யா. அறை நம்பரைச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் ஆட்களைக் கூப்பிடுவோம். அன்றிலிருந்து அவள் மூணாம் நம்பர் அக்கா.

அவள் கதை இரண்டே நாளில் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அங்கே ஊர் சரியில்லை. குடும்பத்தோடு கிளம்ப டிக்கெட் எடுத்த பிறகு மூத்த பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. "அம்மாள் வருத்தம் வந்த பிள்ளையைக் கப்பலில ஏத்த மாட்டம் எண்டிட்டாங்கள்" என்றாள். புருஷன்தான் இவளையும் சின்னவனையும் முதலில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். 'கப்பலடிக்குக் கிட்டவா ஒரு வீடு எடுத்து நில், அடுத்த கப்பலில நானும் மூத்தவளும் வாறம்' என்று சொல்லியிருக்கிறார். எந்த வீடு என்று அவருக்கும் தெரியாது, அப்போது அவளுக்கும் தெரியாது.

அடுத்த கப்பலில் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. கப்பல் நாளில் அக்கா காலையிலேயே தலைக்குக் குளித்து, கஞ்சி போட்ட சேலை கட்டி, பயலுக்குப் பவுடர் பூசிக் கிளம்பிவிடுவாள். நானும் கூடவே போவேன். கப்பலிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் அவள் பார்ப்பாள். கடைசி ஆள் இறங்கி, மூட்டைகளும் இறங்கி, கப்பல்காரர்கள் கயிற்றைச் சுருட்டுகிற வரைக்கும் நிற்பாள். பிறகு என்னிடம், "பிள்ளைக்குத் தழும்பு ஆறியிருக்காது, அதுதான்" என்பாள். ஒருநாள் அந்தக் கப்பலும் வரவில்லை. இனி வராது என்று கப்பலடியில் பேசிக்கொண்டார்கள்.

அய்யா நம்பவில்லை. "சர்க்கார் கப்பல் எங்க போயிரும் தங்கச்சி? இந்த வாரம் இல்லாட்டி அடுத்த வாரம் ஓடும். அதுவரைக்கும் இது உங்க அண்ணன் வீடு" என்றார். சமாதானத்துக்குச் சொன்னதல்ல, மனசாரச் சொன்னது. அதற்குப் பிறகு அவளிடம் வாடகைப் பேச்சே எடுக்கவில்லை. மூன்றாம் நம்பரில் காற்று வரவில்லை என்று சுவரை உடைத்து இன்னொரு ஜன்னல் வைத்தார். பயலுக்குப் பனை மட்டையில் வண்டி செய்து கொடுத்தார். அம்மா அவளிடம் சொதி வைக்கக் கற்றுக்கொண்டாள். தேங்காய்ப்பாலும் பச்சை மிளகாயும் மஞ்சளுமாக அந்த வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. இடியாப்பத்தில் அதை ஊற்றித் தின்றுவிட்டு நான் போட்ட ஏப்பத்துக்கு அக்கா அப்படிச் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் கால் மிதி தையல் மெஷின் ஒன்று இருந்தது. அக்கா அதில் மூத்த மகளுக்கு ஒரு கவுன் தைக்க ஆரம்பித்தாள். ஊதாவில் வெள்ளைப் பூப் போட்ட துணி. அளவுக்கு நான்தான். "அவளும் உன்ர உயரந்தான் பிள்ளை. அசையாமல் நில்" என்று வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வருவாள். முடித்து மடித்து வைத்துவிட்டாள். சில வாரம் கழித்து மறுபடி என்னைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்த்தாள். நான் வளர்ந்திருந்தேன். கீழ்மடிப்பைப் பிரித்துக் கொஞ்சம் இறக்கித் தைத்தாள்.

அந்த நாளில்தான் தோணிகளில் சனம் வந்து இறங்குகிற சேதி வந்தது. தனுஷ்கோடி மணலில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள், அங்கிருந்து மண்டபம் முகாமுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று மீன் விற்கிறவர்கள் சொன்னார்கள். அன்று சாப்பிடும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணை, ஒருக்கா மண்டபத்துக்குப் போய்ப் பாத்திட்டு வரட்டே?"

"எதுக்கு? டிக்கெட் எடுத்து வச்சிருக்க மனுசன் ஏன் தோணியில வாராரு? கப்பல் ஓடுனதும் கௌரவமா வந்து இறங்குவாரு."

"ஒருவேளை..."

"உங்க விசா முடிஞ்சு போச்சு தங்கச்சி. அங்கன போய்ப் பேரைக் கொடுத்தா உங்களையும் உள்ள வச்சிருவாக, இல்லாட்டித் திருப்பி அனுப்பிருவாக. எங்க வீட்டுக்கு வந்த பிள்ள, தட்டைத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கிறதா? நான் செத்த பெறகு பாத்துக்கலாம்."

"நீங்களாச்சும் ஒரு எட்டுப் போய் விசாரிச்சா என்ன?" என்றாள் அம்மா. "நான் போய்க் கேட்டா, இங்கன ஒருத்தி இருக்கான்னு நானே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகாதா? உனக்கு ஒரு எழவும் புரியாது" என்று அய்யா அவள் மேல் பாய்ந்தார். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோறு போடுகிறவர் பேச்சை மறுத்துப் பேச அவளுக்கு எப்படி வாய் வரும்? எங்கள் உபசாரம் அவள் வாயைக் கட்டிப்போட்டது. அது எனக்குப் புரிய முப்பது வயதாகிவிட்டது.

கப்பல் நின்ற பிறகும் அம்மா கப்பல் அரிசி போடுவதை நிறுத்தவில்லை. முன்பு கப்பல் நாளில் மட்டும் போட்டாள். எந்த நாள் என்று தெரியாததால் இப்போது எல்லா நாளும் போட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம், கைலி தொடையோடு ஒட்ட, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓர் ஆள் வாசலில் வந்து நின்றார். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் மஃப்டியில் யாரோ கோயில் தெரு லாட்ஜ்களில் வந்து சிலோன்காரர்களைப் பற்றி விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அய்யாவின் முகம் இறுகுவதைப் பார்த்தேன்.

"இங்கன சிலோன்லேர்ந்து வந்த பொம்பள யாரும் இருக்காகளா? சின்னப் பயலோட?"

"யாரு கேக்குறது?"

அந்த ஆள் கொஞ்சம் தயங்கினார். "மண்டபத்துலேர்ந்து கேட்டு வரச் சொன்னாக."

"அப்படி யாரும் இல்லையே. மழையில வந்திருக்கீக. உள்ள வாங்க, மொதல்ல சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். நல்ல பசி. கப்பல் அரிசிச் சோறும் நெத்திலிக் குழம்பும் அம்மா போடப் போட இறங்கியது. உள்ளே மூன்றாம் நம்பரில் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மழைச் சத்தத்தில் வெளியே பேசுவது அக்காவுக்குக் கேட்டிருக்காது. சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் தலையைத் தூக்கினார்.

"யாரு தைக்கிறது?"

"எங்க வீட்டுப் பிள்ள" என்றார் அய்யா.

பொய் சொன்னதாக அவருக்கே தோன்றியிருக்காது. "வயிறு நெறஞ்சு போச்சு மகராசி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அந்த ஆள் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். மழை விட்டதும் அய்யா மூன்றாம் நம்பர் வாசலில் போய் நின்று, "ஒருத்தன் மோப்பம் பிடிச்சு வந்தான் தங்கச்சி. வயித்த நெரப்பி அனுப்பிச்சுட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். அக்கா நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும் அண்ணை" என்றாள்.

தை பிறந்து, மீன்பாடு நன்றாக இருந்த நாளில் அதே ஆள் திரும்பி வந்தார். கையில் செவுளில் கயிறு கோத்த பெரிய பாறை மீன். அன்றைக்குப் போட்ட சோற்றுக்கு நன்றியாகக் கொண்டு வந்திருந்தார். "அன்னைக்கு என் பசிக்கு அந்தச் சோறு அமுதம்ங்க" என்று சிரித்துக்கொண்டே மீனை அய்யா கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு முற்றத்தைப் பார்த்தார். கிணற்றடியில் அக்கா பயலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"இவுக யாரு?"

அவருக்கே புரிந்துவிட்டது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"நீங்க மன்னாராம்மா? மூத்த புள்ளைக்கு அம்மை போட்டிருந்துச்சா?"

அக்கா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

அவர் மண்டபத்துக்காரர், தோணி வைத்திருப்பவர். அக்காவின் புருஷனையும் மகளையும் அவர்தான் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்து மணலில் இறக்கியிருக்கிறார். பிறகு அவர்கள் முகாமில் இருந்தார்கள். புதிதாக வந்தவர்களை வெளியே விடவில்லை. அதனால், கப்பலடிப் பக்கம் வீடு வீடாகக் கேட்டு வரும்படி இவரிடம் கெஞ்சியிருக்கிறார் அந்த மனுஷன். தான் கள்ளத்தனமாக ஆள் ஏற்றுகிறவர் என்பதால் யாரிடமும் முழு விஷயத்தைச் சொல்லப் பயந்துதான் அன்றைக்கு மண்டபத்திலிருந்து என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஒருவருக்கு ஒருவர் பயந்த இரண்டு நல்ல மனுஷர்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரு வேளைச் சோற்றை முடித்திருக்கிறார்கள்.

"எங்கயும் இல்லைன்னு போய்ச் சொன்னேம்மா. அப்ப அவ கடைசிக் கப்பல்ல திரும்பிப் போயிருப்பா, எங்களத் தேடித்தான் போயிருப்பான்னு அவருக்கு ஒரே அழுகை. சொல்லச் சொல்லக் கேக்கல. எப்படியோ வெளிய வந்து, புள்ளையையும் கூட்டிக்கிட்டு வேற ஒருத்தன் தோணியில அக்கரைக்கே ஏறிட்டாரு."

"போய்ச் சேந்தவையோ?"

"தெரியலம்மா." அவர் மணலைப் பார்த்தார். "அந்தத் தோணிக்காரனும் இன்னும் திரும்பி வரல."

அக்கா பயலின் தலையைத் துவட்டினாள். நெடுநேரம் துவட்டினாள். பிறகு, "பிள்ளை எப்பிடி இருந்தவள்?" என்று கேட்டாள். "முகத்துல லேசாத் தழும்பு. மத்தபடி நல்லா இருந்துச்சும்மா. மாத்துத் துணிதான் இல்ல" என்றார் அவர். அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள்.

அய்யா அந்த மீனைப் பிடித்தபடியே நின்றார். அதிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி அவர் காலடி மணல் நனைந்துவிட்டது. அம்மா வந்து கயிற்றை அவர் விரல்களிலிருந்து பிரித்து எடுத்தாள். எங்கள் வீட்டில் அந்த மீனை யாரும் தொடவில்லை.

மறுநாள் அய்யாவே அக்காவை ரயிலில் மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போக, அக்கா ஒரு பக்கமும் அய்யா மறு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முகாமில் பெயர் கொடுக்கிற வரிசையில், தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அய்யா நின்றார். எங்கள் வீட்டுப் பிள்ளை நிற்கக் கூடாது என்று சொன்ன அதே வரிசை. வெயில் ஏறியது. பெட்டியைக் கீழே வையுங்கள் என்று யாரோ சொன்னார்கள். அவர் வைக்கவில்லை.

உள்ளே போகும் முன் அக்கா திரும்பினாள். விடைபெறுகிற எந்த விருந்தாளியிடமும் 'போய்ட்டு வாங்க, ரூம் இருக்கும்' என்று சொல்வது அய்யாவின் வழக்கம். அன்றைக்கு அவருக்கு வாய் வரவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தார் என நினைக்கிறேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பார்.

"நல்லாப் பாத்தீங்கள் அண்ணை. ஒரு குறையும் வைக்கேல்லை" என்றாள் அக்கா. பிறகு, "இனி ஆரும் கேட்டு வந்தால், நான் இங்க இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலுக்கு யார் வந்தாலும், அவர்கள் வாய் திறக்கும் முன்பே அய்யா சொல்லிவிடுவார்: "மூணாம் நம்பர்ல இருந்தவுக மண்டபம் முகாம்ல இருக்காக." கரண்டு கணக்கு எடுக்க வந்தவரிடம் சொன்னார். கோலமாவு விற்கிறவளிடம் சொன்னார். அக்னி தீர்த்தத்துக்கு வழி கேட்ட வடக்கத்திக்காரர்களிடம் சொன்னார், அவர்கள் ஒன்றும் புரியாமல் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அறை கேட்டு வந்தவர்கள், இந்த ஆளுக்கு ஏதோ சரியில்லை என்று கோயில் தெருப் பக்கம் நடையைக் கட்டினார்கள். மூன்றாம் நம்பரை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் மற்ற மூன்றுக்கும் ஆள் இல்லை.

அம்மா ஒரு முறை முகாமுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சுவரில் ஆணியில் அந்த ஊதாக் கவுன் தொங்கியதாம். கீழ்மடிப்பு முழுவதும் பிரித்து இறக்கிவிட்டிருந்ததாம், இனி இறக்கத் துணி இல்லையாம். அளவு எடுக்க அங்கே என் வயதில் யாரோ ஒரு பிள்ளை கிடைத்திருக்க வேண்டும். அம்மா அன்றைக்கு உலையில் எங்களுக்கு மட்டும் அரிசி போட்டாள். கப்பல் அரிசி அதோடு நின்றது.

அக்காவை உள்நாட்டில் வேறு முகாமுக்கு மாற்றினார்கள். அய்யா விசாரித்து அந்த ஊர்ப் பெயரைத் தெரிந்துகொண்டு, வாசலில் சொல்லும் வாக்கியத்தில் ஊரை மாற்றிக்கொண்டார். பிறகு மறுபடி மாற்றினார்கள். இந்த முறை எந்த ஊர் என்று தெரியவில்லை. அவர் பழைய ஊரையே சொல்லிக்கொண்டிருந்தார். ரோட்டுப் பாலம் வந்தது. பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். அம்மா போய்ச் சேர்ந்தாள். பூவரசை வெட்டி வீட்டை இடித்து, வாங்கியவர்கள் அடுக்குமாடி லாட்ஜ் கட்டினார்கள். யாருமே கேட்டு வரவில்லை. அந்த மனுஷனும் வரவில்லை, அந்தப் பெண்ணும் வரவில்லை. என் வயதுதான் அவளுக்கும். இருந்தால் அவளுக்கும் இப்போது தலை நரைத்திருக்கும்.

அய்யா கடைசியாக ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். என்னையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மருந்து கொடுக்க வந்த நர்ஸ் பெண், இருபது வயது இருக்கும், கட்டில் பக்கம் குனிந்ததும் அவர் கண் திறந்து, இடையில் மாற்றிய ஊரெல்லாம் மறந்து, பழையபடியே சொன்னார்.

"மூணாம் நம்பர்ல இருந்தவுக மண்டபம் முகாம்ல இருக்காக."

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண் அவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டே, "சரிங்கய்யா, கேட்டு வந்தாங்கன்னா சொல்லிடுறேன்" என்றாள்.

அத்தனை வருஷத்தில் அந்தச் சேதியை வாங்கிக்கொண்டவள் அவள் ஒருத்திதான். அய்யா அவளை ஒரு முறை பார்த்தார். "சாப்பிட்டீங்களா தாயி?" என்று கேட்டார். பிறகு தூங்கிவிட்டார்.